மோர்லிங்கனின் நேற்றுகள்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வெறும் வாய்ச் சத்தியம் இல்லை. மொன்றியலில் எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து மலையில் வேதக்காரரின், அதாவது கிறிஸ்தவர்களின், பெரிய கோயில் ஒன்று இருக்கிறது. அதன் மரப்படிகளில் சனங்கள் முழங்காலில் ஏறி நேர்த்தி தீர்ப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே போனேன். முழங்காலில் ஏறுகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு பக்கத்துப் படியால் நடந்து மேலே போய், கையை உயர்த்தி, இனி எழுதப்போவது அத்தனையும் உண்மை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன். முழங்காலில் ஏறாததற்குக் காரணம் வாதம்; சத்தியத்தில் குறை இல்லை. நான் சைவக்காரன் என்பதால் வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால் அதற்கு ஒரு பிரதியும் செய்துகொண்டேன்.

என் பெயர் அருமைராசா. 1985 முதல் 1990 வரை மேற்கு ஜெர்மனியில் மோர்லிங்கன் என்கிற சிறிய ஊரில் அகதியாக இருந்தேன். ஆயிரத்து நானூறு சனம், இரண்டாயிரம் பசுமாடு, ஒரு கோயில், ஒரு தீயணைப்பு வண்டி. அதற்குப் பிறகுதான் மொன்றியல். என் மனைவி ஞானாம்பிகை 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தாள். ஆகவே அந்த ஐந்து வருடத்தைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் அது சாட்சியாகாது.

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற இயந்திரங்கள் ஆறு இருக்கின்றன. நாலு வேலை செய்யும். 1994 மாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போடுகிற சீருடையைத் தோய்க்க நான் கீழே இறங்கினேன். மூன்றாம் மாடியில் இருக்கிற றோசா அங்கே நின்று குசினித் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தேழு வயது. நெட்டையான மனுசி. ஏழெட்டு வருடமாக 'போன்ஜூர்' சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, அதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. ஒரு துவாயின் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு மரமும், மரத்தின் கீழே ஒரு பெயரும் தைத்திருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். மோர்லிங்கன்.

"நான் இருந்த ஊர்," என்றேன்.

"ஆர் இருந்த ஊர்?"

"நான்தான். அஞ்சு வருசம்."

சவர்க்காரத் தூள் பெட்டி அவர் கையிலிருந்து விழுந்தது. இரண்டு பேருமாகக் குனிந்து அள்ளினோம். அவர் அள்ளியதை விட என் முகத்தைப் பார்த்ததுதான் கூட.

ஒன்று சொல்லிவிடுகிறேன். றோசா ஜெர்மனும் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார். என் காது யாழ்ப்பாணத்துக் காது. எந்தப் பாஷை உள்ளே போனாலும் தமிழாகத்தான் போய்ச் சேரும். நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

"அப்ப ஜெர்மன் கதையும் பாப்பம்," என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்கே இளைப்பாறுகிறார். பிறப்பு. இறப்பு. மறவோம்," என்று ஜெர்மனில் சொன்னேன்.

"உதென்ன ஜெர்மன்?"

"நான் அங்கை சேமக்காலையிலை வேலை செய்தனான். கல்லறையளைத் துடைச்சுத் துடைச்சு, அதிலை எழுதியிருந்ததை வாசிச்சுப் பழகின ஜெர்மன். இதுக்கு மேலை வராது."

றோசா யோசித்தார். "பரவாயில்லை. எங்கட ஊராக்கள் உயிரோடை இருக்கேக்கையும் இதைவிடக் கனக்கக் கதைக்கிறேல்லை," என்றார்.

அன்றைக்கு இயந்திரம் நின்ற பிறகும் நாங்கள் மேலே போகவில்லை. றோசாவின் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன். சண்டை முடிந்து கனடாப் பட்டாளம் ஜெர்மனியில் நின்ற காலத்தில், கியூபெக்கிலிருந்து வந்த ஒரு சிப்பாயை அவர் விரும்பினார். தாய் அன்னாவுக்குப் பிடிக்கவில்லை. 1953இல் றோசா பெட்டியோடு வெளிக்கிட்டார்.

"அம்மா வாசலுக்கு வரேல்லை. குசினிக்குள்ளை நிண்டுதான் சொன்னவ. 'நீ போறதெண்டால் போ. திரும்பி வரேக்கை நான் இங்கை இருக்கமாட்டன்.' அவ சொன்னால் சொன்னதுதான், அருமை. உருளைக்கிழங்கு பதினெட்டு நிமிசத்திலை அவியும் எண்டால், பதினெட்டு நிமிசத்திலை அது அவியும். அவவுக்குப் பயத்திலை அவியும்."

ஐந்து வருடத்தில் அன்னா செத்துப்போனார். செய்தி மொன்றியலுக்கு வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று கிழமை. அந்தச் சிப்பாய்க் கணவனும் இப்போது இல்லை. ஒரே மகள் செலீன் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலைக் கந்தோரில் வேலை செய்கிறாள். றோசா இந்த நாற்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை.

"ஏன் போகேல்லை?" என்று கேட்டேன்.

"அவ சொன்னது சரியாப் போயிருக்கும் எண்ட பயம்." துவாயை விரித்து, திரும்பவும் மடித்தார். "இந்த ஒரு விசயத்திலையாவது அவ பிழை எண்டு எனக்குப் பாக்கவேணும். நான் போகேக்கை அவ அங்கை இருக்கவேணும். கல்லாய் எண்டாலும் இருக்கவேணும். வடக்குச் சுவர்ப் பக்கம், லிண்டன் மரத்தடி. பேர் அன்னா. நீர் சேமக்காலையிலை வேலை செய்தனீர்தானே. கண்டனீரோ?"

இயந்திரம் ஒன்று சுற்றி ஓய்ந்தது. அவருடைய கண்கள் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"கண்டனான்," என்றேன். "வெள்ளிக்கிழமையிலை தண்ணி ஊத்துறனான்."

இங்கேதான் வாசிக்கிறவர்களுக்கு ஓர் உண்மை சொல்லவேண்டும். அந்தக் கல்லறை அங்கே இல்லை. அதை இல்லாமல் செய்தவன் நான்.

மோர்லிங்கனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் இது விளங்கும். மற்ற ஊர்களில் நாளைக்கு என்ன நடக்கும் என்றுதான் தெரியாது. மோர்லிங்கனில் நேற்று என்ன நடந்தது என்பதும் தெரியாது. நான் போய் இறங்கிய அன்று ஊர் எல்லைப் பலகையில் '1284இல் நிறுவப்பட்டது' என்று எழுதியிருந்தது. அடுத்த மாதம் பக்கத்து ஊர்க்காரர் எழுநூற்றைம்பதாவது ஆண்டு விழா எடுத்தார்கள். மூன்றாம் நாள் எங்கள் பலகையில் 1179 என்று இருந்தது. அந்தப் பலகைக்கு ஆணி அடிப்பதில்லை, இரண்டு கொளுக்கிகள்தான்.

தீயணைப்பு வண்டி நிற்கிற கொட்டகைக்கு மேலே ஒரே ஓர் அறையில் நூதனசாலை இருந்தது. அதில் எல்லா விவரச் சீட்டுகளும் பென்சிலால்தான் எழுதப்பட்டிருந்தன. ஒரு பழைய கட்டில் இருந்தது. அதில் சுவீடன் தளபதி ஒருவர் படுத்து எழும்பியதாக முதலில் எழுதியிருந்தது. புது நகரபிதா வந்ததும், தளபதி ஊராருக்குப் பயந்து படுக்காமலே ஓடிவிட்டார் என்று மாறியது. அதற்கடுத்த நகரபிதா சமாதானப் பிரியர். அவர் காலத்தில் தளபதி ஒரு பயணியாகி, காலைச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒரு சுவரில் வருட வாரியாகப் படங்கள் தொங்கின. 1933இலிருந்து 1945 வரைக்குமான இடத்தில் மட்டும் ஓர் அலுமாரி நிறுத்தியிருந்தார்கள். நல்ல பாரமான அலுமாரி. அதை நகர்த்திப் பார்க்க வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மூன்று வருடமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் ஊராருக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது.

அகதிகளுக்கு அந்த ஊரில் பொது வேலை கொடுப்பார்கள். எனக்குச் சேமக்காலை. எனக்கு மேலே பேனாட் என்கிற நகரசபை மேற்பார்வையாளர். தங்கமான மனிதன். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. ஒரேயொரு நாளைத் தவிர.

ஜெர்மனியில் செத்தவருக்கும் தவணை உண்டு. இருபத்தைந்து, முப்பது வருடம். அதற்குப் பிறகு சொந்தக்காரர் எழுதி நீடிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். தவணை முடிந்த கல்லில் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு ஒட்டுவார்கள். எங்கள் ஆட்கள் எரித்துச் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். எனக்கு இது எங்கே தெரியும்? 1988 கார்த்திகையில், செத்தவர்களை நினைக்கிற ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறது, சேமக்காலையைத் துப்புரவாக்கு என்றார்கள். நான் பொங்கலுக்கு வீடு கழுவுகிற மாதிரி இறங்கினேன். கல்லெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். யாரோ அறிவில்லாதவர்கள் இருபத்துமூன்று கல்லில் மஞ்சள் கடதாசி ஒட்டி அசிங்கப்படுத்தியிருந்தார்கள். ஒன்று விடாமல் கத்தியால் சுரண்டி எடுத்தேன்.

பாராட்டுக் கிடைக்கும் என்று நின்றபோதுதான் பேனாட் வந்து தலையில் கையை வைத்தார். நாளைக்குக் காலை மாவட்டத்திலிருந்து அதிகாரி பார்க்க வருகிறாராம். பட்டியல் கந்தோரில், கந்தோர் பூட்டு, திறப்பு வைத்திருக்கிறவர் மகளின் கலியாணத்தில். "ஞாபகத்திலை இருந்து ஒட்டும்!" என்று கத்தினார். ஒட்டினேன். என் ஞாபகசக்தி பேர்போனது. இருபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேரைச் சரியாகப் பிடித்துவிட்டேன்.

பிழைத்தது ஒன்று. தவணை முடிந்த ஓர் இறைச்சிக்கடைக்காரருக்கு ஒட்டவேண்டியதை, பக்கத்தில் கிடந்த அன்னாவுக்கு ஒட்டிவிட்டேன். றோசா மொன்றியலிலிருந்து கடிதம் எழுதி 2003 வரைக்கும் நீடித்து வைத்திருந்த கல்லறை. அடுத்த பங்குனியில் கல்லைக் கிளப்பி எடுத்தோம். நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன். இறைச்சிக்கடைக்காரர் இன்று வரைக்கும் சும்மா படுத்திருக்கிறார்.

கொஞ்ச நாளில் றோசாவின் கடிதம் கோப்பிலிருந்து வெளிப்பட்டது. ஆனால் மோர்லிங்கனில் பிழை என்று ஒன்று நடப்பதில்லை, நடந்ததுதான் மாறும். நகரசபை கூடியது. பதிவேட்டில் ஒரு பக்கம் திரும்ப எழுதப்பட்டது. அன்னா என்கிறவர் பக்கத்து ஊரில் அடக்கம் செய்யப்பட்டார் என்று ஆனது. லிண்டன் மரத்தடியில் ஆட்கள் இருக்க ஒரு மர வாங்கு போட்டு, '1911 முதல் இங்கே உள்ளது' என்று ஒரு தகடும் அடித்தார்கள்.

இதை நான் றோசாவுக்கு எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நிலவறையில் சந்தித்தோம். தோய்க்க உடுப்பு இல்லாத கிழமைகளில் தோய்த்த உடுப்பையே திரும்பக் கொண்டுபோனேன். றோசா கேட்பார், நான் சொல்வேன்; இடைக்கிடை பேனாட்டின் கதையும் வரும். வெதுப்பகத்து மணி இப்பவும் அடிக்கிறதா? அடிக்கிறது. ஆற்றங்கரை ஆலையில் சக்கரம் சுற்றுகிறதா? சுற்றுகிறது, ஆனால் மா அரைப்பதில்லை, சும்மா சுற்றுகிறது. சில வேளை பிசகும்.

"கோயிலுக்கு முன்னாலை தண்ணிப் பம்பியடியிலை பொம்பிளையள் நிண்டு கதைப்பினம்," என்பேன்.

"பம்பி கோயிலுக்குப் பின்னாலையல்லோ?"

"அது உங்கட காலத்திலை. எழுபத்தொண்டிலை முன்னுக்குக் கொண்டுவந்து, எப்பவும் முன்னுக்குத்தான் இருந்தது எண்டு தீர்மானம் போட்டவை."

றோசா சிரிப்பார். "ஓமோம், அவங்கள் செய்வாங்கள்."

அப்படிப்பட்ட ஊர். எந்தப் பிசகையும் தாங்கும்.

உடுப்பு பிழிகிற கடைசி ஐந்து நிமிடம் இயந்திரம் ஒரு மாதிரியான சத்தம் போடும். அந்த நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆலைக்குப் பக்கத்தில் ஆறு விழுகிற சத்தமாம். "பேசாதேயும். கேளும்," என்பார். கேட்பேன். வெளியே பனியில் நூற்றறுபத்தைந்தாம் இலக்க பஸ் உறுமிக்கொண்டு மேடு ஏறும். உள்ளே நாங்கள் இரண்டு கிழடுகள் மோர்லிங்கன் ஆற்றங்கரையில் நின்றோம். ஜூன் கடைசியில் லிண்டன் பூத்தால் ஊர் முழுக்க வாசம் என்பார். படுக்கைத் துணி, பாண், பாதிரியாரின் அங்கி எல்லாவற்றிலும் அந்த வாசம். இங்கேயும் லிண்டன் நிற்கிறது, பூக்கிறது. ஆனால் இங்கத்தைய பூ வேறு யாருடைய வீட்டுக்கோ மணக்கிறது என்பார்.

1995 வைகாசியில் கண் வைத்தியர் றோசாவிடம், இன்னும் இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் உடுப்புக் கூடை இல்லாமலே கீழே வந்தார்.

"வாற வருசம் ஜூனிலை போறன்," என்றார். "அம்மாவைப் பாக்கப் போறன். நீர் சொல்லாட்டி நான் வெளிக்கிட்டிருக்கமாட்டன், அருமை."

மேலே போய் ஞானாம்பிகையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? அந்த மனுசி கண் தெரியாமல் அவ்வளவு தூரம் போய், அங்கை ஒண்டும் இல்லையெண்டால்?"

"அதுதான் யோசிக்கிறன்."

"யோசிக்க என்ன கிடக்கு? இப்பவே போய்ச் சொல்லுங்கோ. 'அக்கா, நான் வாய்க்கு வந்தபடி அளந்திட்டன்' எண்டு சொல்லுங்கோ."

"அளக்கேல்லை. கல் இருந்தது. நான்தான் எடுத்தனான்."

"ஓ, அந்த மோர்லிங்கத்திலை." ஊரின் பெயரை அவள் ஏதோ கோயில் மாதிரித்தான் சொல்வாள். "இஞ்சருங்கோ, இந்த வீட்டிலை நீங்கள் சொல்லுறதை முக்கால்வாசி கழிச்சுப் போட்டுத்தான் நான் கேக்கிறனான். அந்த மனுசி ஒண்டும் கழிக்காமல் கேக்குது. அது பாவம் இல்லையோ?"

பாவம்தான். மூன்று மாடி இறங்கிப் போய் அவருடைய கதவைத் தட்டினேன். றோசா திறந்தார். மேசையில் புதிதாக எடுத்த பாஸ்போட் கிடந்தது. அதிலே இருந்த தன் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அம்மா மாதிரி வந்திட்டன். அவவுக்குக் கோவம் வரப்போகுது," என்றார். நான், வீட்டில் சீனி முடிந்துவிட்டது, ஒரு கோப்பை இருக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

அன்றிரவே பேனாட்டுக்குக் கடிதம் எழுதினேன். பதில் மூன்று கிழமையில் வந்தது. கல் பத்திரமாக இருக்கிறது. தீயணைப்புக் கொட்டகை வாசலில் குப்புறப் போட்டுப் படியாகப் பாவிக்கிறார்கள். கல்லைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பது அரைநாள் வேலை. ஆனால் அது எப்பவும் அங்கேதான் இருந்தது என்பதற்கு நகரசபைத் தீர்மானம் வேண்டும். அதற்கு முதலில் 1911 முதல் அங்கே இருந்துவருகிற வாங்கு ஒருநாளும் அங்கே இருந்ததில்லை என்று தீர்மானம் வேண்டும். கஷ்டம், ஆனால் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்.

1995 ஐப்பசி முப்பதாம் திகதி, திங்கட்கிழமை, மோர்லிங்கன் நகரசபை கூடியது. அதே திங்கட்கிழமைதான் இங்கே கியூபெக் பிரிவதா இருப்பதா என்று வாக்கெடுப்பு. இங்கே சனங்கள் எதிர்காலத்துக்கு வாக்குப் போட வரிசையில் நின்றார்கள்; அங்கே கடந்தகாலத்துக்கு. எங்கள் கட்டடமே தொலைக்காட்சிக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. நானும் அடக்கிக்கொண்டுதான் இருந்தேன், வேறு முடிவுக்காக. இங்கே ஒரு வீத வித்தியாசத்தில் எதிர்காலம் மாறாமல் தப்பியது. அங்கே ஏழுக்கு நாலு என்று கடந்தகாலம் மாறியது. அந்த வாங்கில் தினமும் வந்து குந்துகிற ஒரு கிழவருக்கு, அவர் இவ்வளவு வருடமும் நின்றுகொண்டுதான் இருந்தார் என்று எழுத்தில் அறிவித்தார்களாம்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. ஏழு வருடம் குப்புறக் கிடந்ததால் கல்லின் முகம் நேற்று வெட்டிய மாதிரி இருந்தது. முப்பத்தெட்டு வருடக் கல்லில் பாசி இல்லையென்றால் யாரும் நம்பமாட்டார்கள். பேனாட் யோசனை கேட்டு எழுதினார். எங்கள் மருத்துவமனைத் தோட்டக்காரனைக் கேட்டு, மோர் பூசினால் பாசி கெதியாய்ப் பிடிக்கும் என்று எழுதினேன். பங்குனி தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் பேனாட் அன்னாவின் கல்லுக்கு ஒரு வாளி மோர் ஊற்றினார்.

"மோர்லிங்கத்துக்கு மோர் அபிசேகமோ!" என்று ஞானாம்பிகை தலையில் அடித்துக்கொண்டாள்.

1996 ஜூன் இருபதாம் திகதி மிராபெல் விமான நிலையத்துக்கு நானும் போனேன். செலீன்தான் தாயைக் கூட்டிக்கொண்டு போகிறாள். றோசா கழிப்பறைக்குப் போன நேரம் அவள் என் பக்கத்தில் வந்தாள். தாயைப் போலவே நெட்டை. நேரே கேட்கிற பிள்ளை.

"முசியே அருமை, அம்மா ஒரு வருசமாய் வேறை கதையே கதைக்கேல்லை. அது அங்கை இல்லையெண்டால் அவ தாங்கமாட்டா. உண்மையாய் இருக்குதோ?"

"இருக்கு பிள்ளை."

"நீங்கள் உங்கட கண்ணாலை கண்டனீங்களோ?"

"மோர்கூட ஊத்தியிருக்கு," என்றேன்.

அவளுக்கு அது விளங்கவில்லை. ஆனால் அதற்குள் றோசா வந்துவிட்டார். நீல நிறச் சட்டை, தலைமயிர் புதிதாகச் சுருட்டியிருந்தது. நாற்பத்துமூன்று வருடத்துக்கு முதல் வெளிக்கிட்டபோதும் நீலம்தானாம். என் கையைப் பிடித்து, "பேனாட்டுக்கு ஏதும் சொல்லவேணுமோ?" என்று கேட்டார். சுகமாய் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

மூன்று கிழமை. அதில் மூன்று செவ்வாய்க்கிழமை. நான் நிலவறையில் தனியே இருந்தேன். இயந்திரம் பிழிகிற சத்தம் வந்ததும் எழும்பி வெளியே போய்விடுவேன். கேட்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. ஞானாம்பிகை முதலில் ஏசினாள். பிறகு ஏசுவதை நிறுத்தி, ரசம் வைத்துத் தந்தாள். அது ஏச்சை விடப் பொல்லாதது.

நாலாவது செவ்வாய்க்கிழமை நான் இறங்கிப் போனபோது றோசா வாங்கில் இருந்தார். செலீன் பக்கத்தில் நின்று தாயின் பயண உடுப்புகளை உலர்த்தியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குனிந்துகொண்டாள்.

கடைசிப் படியை ஆறுதலாகத்தான் இறங்கினேன். வாதம்.

"ஆர், அருமையோ?" என்றார் றோசா. கண் முந்தியதைவிட மோசம்போலத் தெரிந்தது.

"ஓம்."

"இருந்தா," என்றார்.

நான் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நீர் சொன்ன மாதிரியே. வடக்குச் சுவர், லிண்டன் மரத்தடி. முழுக்கப் பூத்திருந்தது. கல்லிலை இந்தளவு பாசி." கையை விரித்துக் காட்டினார். "பேரைக் கண்ணாலை வாசிக்க ஏலாமல் போச்சு. விரலாலைதான் வாசிச்சனான். அன்னா. ஒவ்வொரு எழுத்தும் இருந்தது."

"என்ன சொன்னீங்கள்?"

"'அம்மா, வந்திட்டன். நீங்கள் சொன்னது பிழை' எண்டனான். அவ்வளவுதான். பேந்து கன நேரம் பக்கத்திலை இருந்தனான்."

செலீன் ஒரு நீலச் சட்டையை மடித்தாள். விரித்தாள். திரும்ப மடித்தாள். மூன்றாம் தரமும் அதையே மடித்தாள்.

"பேனாட்டைக் கண்டனீங்களோ?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"காணாமல்?" றோசா கொஞ்சம் நிமிர்ந்தார். "உம்மைத்தான் முதல் கேட்டவர். அருமைக்கு இப்ப வாதம் எப்பிடி எண்டு கேட்டவர். நீர் போகேக்கை உம்மட தொப்பியை விட்டிட்டுப் போனீராம். கம்பளித் தொப்பி, சாம்பல் நிறம். சேமக்காலைக் கொட்டிலுக்குள்ளை இன்னும் அதே ஆணியிலை தொங்குதாம். ஒருத்தரையும் தொட விடேல்லையாம். வந்து எடுக்கட்டாம்."

"அது அங்கையோ கிடக்கு," என்றேன். "நான் எங்கையெல்லாம் தேடினனான்."

றோசா கையை நீட்டி, தட்டுத்தடவி என் கையைப் பிடித்தார். இயந்திரம் பிழியத் தொடங்கியது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

செலீன் கூடையைத் தூக்கிக்கொண்டு முதலில் மேலே போனாள். போகிறபோது என் தோளைத் தொட்டு, "மெர்சி, முசியே," என்றாள்.

இப்போது 1998. றோசாவுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் நான்தான் அவருடைய கூடையையும் தூக்கிக்கொண்டு கீழே போகிறேன். ஆனால் இப்போது கேட்கிறவன் நான், சொல்கிறவர் அவர். ஊர் எல்லைப் பலகையில் இப்போது 1096 என்று இருக்கிறதாம். அலுமாரியை நகர்த்திவிட்டார்களாம். பின்னால் இருந்ததைப் பார்த்த பிறகு ஊரில் இரண்டு மாதம் யாரும் யாரோடும் கதைக்கவில்லையாம். அன்னாவின் கல்லுக்குப் பக்கத்தில் அந்தக் கிழவருக்கு வேறொரு வாங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்களாம்; அதுவும் 1911 முதல் இருப்பதுதானாம். றோசா சொல்லச் சொல்ல, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

ஞானாம்பிகை நித்திரையான பிறகு அந்தத் தொப்பியை நினைத்துக்கொள்வேன். ஆணியில் தொங்கித் தொங்கி ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். கொட்டிலில் ஈரமண் மணம், லிண்டன் மணம், பேனாட் குடிக்கிற சுருட்டின் மணம். வயது போகிறது. ஒருமுறை, லிண்டன் பூக்கிற கிழமையில், அங்கே திரும்பிப் போய் அந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரவேண்டும் என்று நெஞ்சு கிடந்து இழுக்கிறது.

நான் 1985 மார்கழியில் கொழும்பிலிருந்து வெளிக்கிட்டு மிராபெலில் வந்து இறங்கியவன். ஜெர்மனியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.